உருப்பெறாத பாத்திரம்

பதின்பருவத்தினருக்கான த்ரில்லர் நாவல் ஒன்று சப்பென்று முடிந்தால் போதும், 'பாத்திரங்கள் வளர்ச்சியடையவில்லை' என்று மதிப்புரை வந்துவிடுகிறது. 'அண்டர்டெவலப்டு கேரக்டர்' என்பதற்கு இதுதான் தமிழாம். கதாநாயகிக்கு 16 வயது. அவளை 'வளர்ச்சியடையாத பாத்திரம்' என்றால் படிப்பவர் உடல் வளர்ச்சியைத்தான் நினைப்பார். குறை எழுதியவருடையது, பழி அந்தப் பெண்மேல் விழுகிறது.

'டெவலப்' பிரெஞ்சிலிருந்து வந்த சொல். சுற்றி மூடியதைப் பிரிப்பது என்பது மூலப்பொருள். ஃபிலிமை டெவலப் செய்யும்போது பதிந்த உருவம் வெளிப்படுகிறதே தவிர, படம் வளர்வதில்லை.

'வளர்ச்சி' என்றதும் பாத்திரம் கதைக்குள் மாறியே தீரவேண்டும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. ஷெர்லக் ஹோம்ஸ் கதைக்குக் கதை எவ்வளவு மாறினார்? ஆனால் வேலையில்லாத நாளின் அலுப்பு, வயலின், வாட்சனிடம் காட்டும் எரிச்சல் என்று முழு உருவோடு நிற்கிறார். மாற்றம் வேறு, உருவாக்கம் வேறு. கணினித் துறையினர் 'டெவலப்பர்' என்பதை 'உருவாக்குநர்' என்று எப்போதோ சரியாகப் பிடித்துவிட்டார்கள். இலக்கியம் எழுதுவோர்தான் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகர்கிறார்கள். 'வளர்ச்சி' நல்ல தமிழ்ச்சொல்தான். இந்த இடத்துக்குப் பொருந்தாத சொல்.

சிலர் 'தட்டையான பாத்திரம்' என்பார்கள். அதுவும் பிழை. 1927இல் ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் பாத்திரங்களைத் தட்டை, உருண்டை என்று பிரித்தபோது, ஒரே குணத்தைச் சுற்றிக் கட்டிய பாத்திரத்தைத்தான் தட்டை என்றார். டிக்கன்ஸின் மாந்தர் ஏறக்குறைய எல்லோரும் தட்டைதான் என்று சொல்லி, அப்படியும் அவர்களிடம் உயிர்ப்பு இருப்பதை வியந்தார். தட்டை ஒரு உத்தி. உருப்பெறாமை கைக்குறை.

த்ரில்லரில் இந்தக் குறை எங்கே நேர்கிறது என்று பார்த்தால் சொல்லின் தேவை புரியும். கொலையாளி யாரென்று கடைசிவரை மறைக்கவேண்டும் என்ற பதற்றத்தில், அவனுக்கு ஆசையோ பயமோ சொந்தப் பேச்சோ கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். முகமூடி கழன்றதும் உள்ளே ஆளே இல்லை. வாசகருக்கு அதிர்ச்சி எப்படி வரும்? மறைக்கவேண்டியது அவன் செய்த குற்றத்தை மட்டும். அவன் எதற்குக் கோபப்படுவான், யாரிடம் பொய் சொல்வான் என்பதெல்லாம் முன்பே பக்கத்தில் இருக்கவேண்டும், திரும்பிப் படித்தால் கண்ணில் படும்படி. சந்தேகத்துக்குரிய நண்பர்களின் உரையாடலில் பெயர்களை மறைத்துப் படியுங்கள். யார் பேசுகிறார் என்று பிரிக்க முடியாவிட்டால் அவர்கள் உருப்பெறவில்லை.

எனவே 'உருப்பெறாத பாத்திரம்' என்பதே தெளிவு. 'பாத்திரம்' வடசொல் என்று தயங்குபவர்கள் 'உருப்பெறாத கதைமாந்தர்' என்று எழுதலாம். பன்மைக்கு அது இன்னும் நன்றாகவே இருக்கும். வினையாகவும் வளையும்: 'தோழி உருப்பெற்றிருக்கிறாள், கொலையாளி உருப்பெறவில்லை.'