முதலமைச்சர்: சொல்லும் பதவியும்

பிரதம மந்திரி, முதலமைச்சர் என்னும் இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்த்தால் பொருள் ஒன்றுதான். பிரதம என்ற வடசொல்லுக்கு முதல் என்று பொருள். மந்திரி என்றால் அமைச்சர். ஆனால் ஒன்று நாட்டின் பதவி, மற்றொன்று மாநிலத்தின் பதவி. இந்த வேறுபாடு சொற்களுக்குள் இல்லை, வழக்கில் வந்தது. அதுவும் 1950-க்குப் பிறகுதான் உறுதியாக நிலைத்தது.

முதலில் அமைச்சர். திருக்குறளின் 64-ஆம் அதிகாரத்தின் பெயர் 'அமைச்சு'. அந்த ஓர் அதிகாரத்திலேயே இந்தப் பதவிக்கு மூன்று சொற்கள் வருகின்றன: அமைச்சு (631), உழையிருந்தான் (638), மந்திரி (639). ஆகவே மந்திரி என்பது நேற்று நுழைந்த சொல் அன்று. அமைச்சு என்பது 'அமை' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது என்பார் ஒரு சாரார். வடமொழி 'அமாத்ய', பிராகிருத 'அமச்ச' ஆகியவற்றோடு தொடர்புடையது என்பார் மற்றொரு சாரார். உழையிருந்தான் என்றால் அரசனின் பக்கத்தில் இருப்பவன். அமாத்யருக்கும் 'அருகில் இருப்பவர்' என்றே பொருள் சொல்வார்கள். வேர் எதுவானாலும் அமைச்சு ஈராயிரம் ஆண்டுக்கு நெருக்கமாகத் தமிழில் புழங்கிய சொல். மந்திரியை ஒதுக்கி அதைப் பொதுவழக்காக்கியது இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் உணர்ச்சி.

அடுத்து புணர்ச்சி. முதல் + அமைச்சர் சேரும்போது ல் என்ற மெய்யின் மேல் அ ஏறி 'முதலமைச்சர்' ஆகும். சேர்த்து எழுதுவதே சரி. 'முதல் அமைச்சர்' என்று இடம் விட்டால் 'அத்துறைக்கு முதன்முதலாக வந்த அமைச்சர்' என்ற பொருளுக்கு இடம் கொடுத்துவிடும். தினத்தந்தி 'முதல்-அமைச்சர்' என்று இடைக்கோடு போட்டு எழுதுவது அதன் அச்சுமரபு. இலக்கணம் அந்தக் கோட்டைக் கேட்கவில்லை. முதல் + மந்திரி என்றால் மகரத்துக்கு முன் லகரம் னகரமாகி 'முதன்மந்திரி' ஆகும். 'முதன்மை' என்பதில் நடப்பதும் இதே திரிபுதான்.

மொழிபெயர்ப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சீஃப் செகரட்டரி தலைமைச் செயலாளர், சீஃப் ஜஸ்டிஸ் தலைமை நீதிபதி, சீஃப் எலெக்‌ஷன் கமிஷனர் தலைமைத் தேர்தல் ஆணையர். அந்தக் கணக்கில் சீஃப் மினிஸ்டர் 'தலைமை அமைச்சர்' ஆகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. தலைமை அமைச்சர் என்பது பிரதமருக்குரிய தனித்தமிழ்ச் சொல்லாகிவிட்டது. மாநில அமைச்சரவைத் தலைவருக்கு 'முதல்' நின்றது. ஆகவே மாநிலச் செய்தியில் 'தலைமை அமைச்சர்' என்று எழுதினால் படிப்பவர் தில்லியைத்தான் நினைப்பார்.

இனி வரலாறு. 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் இரட்டை ஆட்சி முறையில் (சில துறைகள் ஆளுநரிடமும் சில துறைகள் அமைச்சர்களிடமும் இருந்த முறை) மாகாண ஆளுநர் அமைச்சர்களை நியமிக்கலாம் என்று இருந்ததே தவிர, அவர்களுக்கு ஒரு தலைவர் என்ற பதவியைச் சட்டம் வகுக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1920 டிசம்பர் 17 அன்று பதவியேற்ற மூன்று அமைச்சர்களுள் முதலிடம் அ. சுப்பராயலு ரெட்டியாருக்கு. அடுத்த ஆண்டே பனகல் அரசர் அந்த இடத்துக்கு வந்தார். பிறகு ப. சுப்பராயன், முனுசாமி நாயுடு, பொப்பிலி அரசர். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் 1937 ஏப்ரலில் மாகாணங்களில் நடைமுறைக்கு வந்ததும் 'பிரீமியர்' என்ற பெயர் பெருவழக்காயிற்று. தமிழில் மாகாணப் பிரதமர், பிரதம மந்திரி. இராஜாஜி 1937-இல் ஏற்றதும், 1946-இல் பிரகாசமும் 1947-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரும் ஏற்றதும் இந்தப் பதவிதான். 1947 ஆகஸ்டுக்குப் பின் நேருவும் பிரதமர், ஓமந்தூராரும் பிரதமர். பழைய நூலில் 'சென்னைப் பிரதமர்' என்று கண்டால் அச்சுப் பிழை என்று திருத்திவிடக் கூடாது.

1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. 163-ஆம் பிரிவு முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட அமைச்சரவையை மாநிலத்துக்கு வைத்தது. 164-ஆம் பிரிவின்படி அவரை ஆளுநர் நியமிக்கிறார், முதலமைச்சரின் அறிவுரைப்படி மற்ற அமைச்சர்களை நியமிக்கிறார். சட்டமன்ற உறுப்பினராக இல்லாதவரும் பதவியேற்கலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும். புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதால் அங்கே முதலமைச்சரை நியமிப்பவர் துணைநிலை ஆளுநர் அல்லர், குடியரசுத் தலைவர். இதைப் பலர் தவறாக எழுதுகிறார்கள்.

'தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார்?' என்ற வினாவுக்குப் போட்டித் தேர்வு நூல்கள் வெவ்வேறு விடை தருவது இந்த வரலாற்றால்தான். மாகாணத்தில் முதலில் அமைச்சர்களுக்குத் தலைமை வகித்தவர் சுப்பராயலு ரெட்டியார். 1935 சட்டத்தின் கீழ் முதலில் வந்தவர் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு. 1937 ஏப்ரல் முதல் ஜூலை வரை இடைக்காலமாக இருந்தார். அரசமைப்புச் சட்டம் வந்த நாளில் பதவியில் இருந்தவர் பூ. ச. குமாரசாமி ராஜா. அனைவருக்கும் வாக்குரிமை தந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பின் 1952-இல் வந்தவர் இராஜாஜி. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14-இல் நடைமுறைக்கு வந்தபோது இருந்தவர் அண்ணா; அடுத்த மாதம் 3-ஆம் நாள் மறைந்தார். எந்தச் சொல்லைக் கொண்டு கேட்கிறோமோ அதற்கேற்ற விடை. 'தமிழ்நாடு' என்ற பெயரை அழுத்திக் கேட்டால் அண்ணாவைத் தவிர வேறு விடை பொருந்தாது.

'முதல்வர்' சுருக்கமானது, தலைப்புக்கு வசதி. ஆனால் கல்லூரி முதல்வரும் முதல்வர், மருத்துவக் கல்லூரி டீனும் முதல்வர். 'முதல்வர் மருத்துவக் கல்லூரியில் ஆய்வு' என்றால் யார் என்று தெரியாது. இலங்கையில் இன்னும் சிக்கல்: அங்கே மேயர் 'மாநகர முதல்வர்'. யாழ்ப்பாணத்தில் வடமாகாண முதலமைச்சரையும் யாழ். மாநகர முதல்வரையும் ஒரே செய்தியில் எழுத நேரும்போது முழுச் சொல்லைப் போடாமல் முடியாது. அரசாணை, கடிதம், அழைப்பிதழ் எதிலும் முழுச் சொல்லே நல்லது. பெண்ணுக்கும் இதுவே. அர் விகுதி இருபாலுக்கும் பொது என்பதால், 1988 ஜனவரியில் ஜானகி இராமச்சந்திரன் பதவியேற்றபோது புதுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை.

இலங்கையில் முதலமைச்சர் பதவி பிறந்தது அந்நாட்டு அரசமைப்புக்கு 1987-இல் வந்த 13-ஆம் திருத்தத்தால். அங்கே முதலமைச்சரோடு நான்கு அமைச்சர்களுக்கு மேல் இருக்க முடியாது. இணைந்த வடகிழக்கு மாகாணத்துக்கு முதலில் வந்தவர் அ. வரதராஜப்பெருமாள் (1988), பிரிந்தபின் கிழக்குக்குச் சி. சந்திரகாந்தன் (2008), வடக்குக்கு க. வி. விக்னேஸ்வரன் (2013). இந்தியாவில் மாகாணம் மாநிலமாகிவிட்டது; இலங்கையில் மாகாணம் மாகாணமாகவே இருக்கிறது. 'வட மாநில முதலமைச்சர்' என்று எழுதுவது பிழை.

மலேசியாவில் பினாங்கு, மலாக்கா, சபா ஆகிய மாநிலங்களின் அரசுத் தலைவரைத் தமிழில் முதலமைச்சர் என்பார்கள். சுல்தான், ராஜா போன்ற மரபு ஆட்சியாளர் உள்ள ஒன்பது மாநிலங்களில் அவர் 'மந்திரி பெசார்'. பெரிய மந்திரி என்று பொருள். அந்த மந்திரி நம் மந்திரியேதான். இதை மொழிபெயர்க்காமல் விடுவதே முறை, ஏனென்றால் அங்கே இரண்டும் தனித்தனிப் பதவிப்பெயர்கள். கனடாவில் மாகாணத் தலைவர் பிரீமியர். அங்குள்ள தமிழர் 'ஒன்ராறியோ முதல்வர்' என்று எழுதுகிறார்கள், பொருத்தமாகவே இருக்கிறது.

துணை முதலமைச்சர் என்ற பெயர் இந்திய அரசமைப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை. 2009-இல் தமிழ்நாட்டில் மு. க. ஸ்டாலின் முதன்முதலாக அப்பெயரைப் பெற்றார். சட்டத்தின் கண்ணில் அப்பதவியில் இருப்பவர் ஓர் அமைச்சர். முதலமைச்சர் இல்லாதபோது பொறுப்பு தானாக அவரிடம் வந்துவிடாது.