ஹார்மோன் தடுப்பூசி என்றொரு விபரீதம்

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் என் பெரியப்பாவிடம் மருத்துவமனை ஒன்றில் தமிழ்க் கையேடு கொடுத்தனுப்பினார்கள். தமிழில் கொடுத்தார்களே என்று மகிழ்ந்துதான் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில் 'ஹார்மோன் தடுப்பூசி'. ஆண் ஹார்மோனைக் குறைக்கப் போடும் ஊசிக்கு அவர்கள் வைத்த பெயர். மருந்துக்கடையிலும் காணொளிகளிலும் இந்தச் சொல்லை ஏற்கெனவே கேட்டுப் பல்லைக் கடித்திருக்கிறேன். இம்முறை விடுவதாயில்லை. காரணம், பெரியப்பா கேட்ட கேள்வி: "அதான் தடுப்பூசி போட்டாச்சே, மூணு மாசம் கழிச்சு எதுக்குடா மறுபடி வரச் சொல்றாங்க?"

முதலில் பிறப்பு வளர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஹார்மோன் என்பது 'கிளப்பிவிடு, தூண்டு' என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து வந்தது. 1905இல் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியலாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தமிழில் இயக்குநீர், ஈழத்தில் ஓமோன். புரோஸ்டேட் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் இருக்கும் சுரப்பி. பெயருக்கு 'முன்னால் நிற்பது' என்று பொருள். முன்னிற்குஞ்சுரப்பி என்ற தமிழாக்கம் அதை அப்படியே பிடித்தது. ஆண் இயக்குநீர்களில் முதன்மையானது டெஸ்டோஸ்டிரோன். புரோஸ்டேட் புற்றுக்கு அதுவே தீனி என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் நோபல் பரிசு பெற்றார். தீனியை நிறுத்தினால் புற்று ஒடுங்கும். மருந்தின் தத்துவம் அவ்வளவே.

இனி 'தடுப்பு'க்கு வருவோம். தமிழனுக்குத் தடுப்பூசி என்றால் அம்மை, போலியோ, கொரோனா. நோய் வருமுன் போடுவது, போட்டால் கவலை விட்டது. டெஸ்டோஸ்டிரோன் சுரப்பை நிறுத்தும் லியூப்ரோலைடு, கோசெரலின் ஊசிகளோ நோய் வந்தபின் போடுபவை. மருந்து உடம்பில் இருக்கும்வரைதான் வேலை செய்யும். மாதம் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று என்று வகைகள் உண்டு. தேதி தவறினால் அடங்கிக் கிடந்த சுரப்பு மீண்டும் தலைதூக்கலாம். இதைத் தடுப்பூசி என்று பெயரிட்டு ஒரு கிழவரிடம் கொடுத்தால் அவர் அடுத்த ஊசியை மறக்காமல் என்ன செய்வார்?

இன்னொரு வேடிக்கை: இந்த ஊசிகள் எடுத்த எடுப்பில் எதையும் தடுப்பதில்லை. டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும்படி விதைகளை ஏவுவது மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அதை முதலில் தூண்டிவிட்டு, ஓயாமல் தூண்டியே களைக்க வைக்கின்றன. அதனால் முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. புற்று முதுகெலும்புக்குப் பரவியவர்களுக்கு அந்த ஏற்றத்தில் வலி கூடலாம். தண்டுவடம் நசுங்கிக் கால் மரத்துப்போகும் ஆபத்தும் உண்டு. இதற்காகத்தான் பைகலூட்டமைடு போன்ற மாத்திரையைச் சில வாரத்துக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 'தடுப்பூசி' போட்டுக்கொண்டவருக்கு அந்த மாத்திரை வீண்செலவாகத் தெரியும். பெரியப்பாவுக்கும் தெரிந்தது. (டெகரெலிக்ஸ் ஊசி வேறு ரகம். அதில் இந்த ஏற்றம் கிடையாது.)

சரி, 'ஆண்ட்ரோஜன் எதிர்ப்பி' என்கிறார்கள் சிலர். ஆண்ட்ரோஜன் என்பது ஆண் இயக்குநீர்களின் பொதுப்பெயர். எதிர்ப்பி என்றதும் நம் ஆட்களுக்கு நினைவு வருவது ஐந்து நாள் ஆன்டிபயாடிக். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டதென்று நிறுத்தும் பழக்கமும் அதோடு வரும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். 'ஆண்மை நீக்க மருந்து' என்று எழுதுகிறவரை என்ன செய்வது? ஆண்மை எப்போது விதைப்பைக்குள் போய் உட்கார்ந்தது? பிறன்மனை நோக்காததைப் பேராண்மை என்றார் வள்ளுவர். பகைவனுக்கு ஓர் இடர் வந்தால் அவனுக்கு உதவுவதை ஊராண்மை என்றார். லாட்ஜில் அறை போட்டுப் பார்க்கும் வைத்தியர்களின் விளம்பரச் சுவரிலிருந்து ஒரு சொல்லை உரித்து வந்து எழுபது வயதுப் புற்றுநோயாளியின் சீட்டில் ஒட்டுவது மொழிபெயர்ப்பு அன்று, வன்மம். ஆசை குறையும், விறைப்பு குறையும், மார்பு சற்றுப் பருக்கலாம். இவற்றை இப்படியே வெளிப்படையாகச் சொல்லலாமே.

என் கட்சி 'அடக்கி'. ஆண் இயக்குநீர் அடக்கி. அடக்குகிற கை எடுபட்டால் அடங்கியது எழும் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நண்பர் ஒருவர் மறுத்தார்: பைகலூட்டமைடும் என்சலூட்டமைடும் சுரப்பை அடக்குவதில்லை, புற்றணுவில் இயக்குநீர் வந்து பொருந்தும் இடத்தை மறிக்கின்றன, பூட்டின் துளையில் குச்சியை ஒடித்துவிட்டால் சாவி நுழையாது, அந்த மாதிரி. ஒப்புக்கொள்கிறேன். அவற்றுக்கு 'ஏற்பி அடைப்பான்' என்று தனிப்பெயர் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே 'தடுப்பு'க்குள் திணிப்பதுதான் சோம்பேறித்தனம்.

அதே கையேட்டில், இதே புற்றுக்குக் கொடுக்கும் அபிராடெரோன் மாத்திரைக்கு 'உணவுக்கு முன்' என்று போட்டிருக்கிறது. நம் வீடுகளில் உணவுக்கு முன் என்றால் ஒரு கையில் மாத்திரை, மறு கையில் இட்லி. இந்த மருந்தை விழுங்குமுன் இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது, விழுங்கியபின் ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது. சோற்றோடு போனால் ரத்தத்தில் மருந்து பல மடங்கு ஏறிவிடும். 'வெறும் வயிற்றில்' என்ற சொல் நம்மிடம் இல்லையா? மணிக்கணக்கையும் சேர்த்து எழுதினால் மை தீர்ந்துவிடுமா? கூடவே கொடுக்கும் ஸ்டீராய்டை நாமாக நிறுத்தக் கூடாது, ரத்த அழுத்தம், பொட்டாசியம், ஈரல் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதெல்லாம் அடுத்த பக்கத்தில் பொடி எழுத்தில்.

'எலும்புத் தேய்மானம்' என்றும் இருக்கிறது. படிப்பவர் முழங்காலைத் தடவிக்கொள்வார். இந்த மருந்தால் வருவது எலும்பு மெலிவு. வலியே இல்லாமல் வந்து ஒரு நாள் இடுப்பை முறிக்கும். அதற்குத்தான் எலும்பு அடர்த்திப் பரிசோதனை, கால்சியம், வைட்டமின் டி, தினசரி நடை. இந்த மருந்தால் வரும் திடீர் வேர்வைக்கு (ஆங்கிலத்தில் ஹாட் ஃப்ளஷ்) 'சூடான சிவத்தல்' என்று எழுதியவரிடம் பேச எனக்குத் தெம்பில்லை. "குப்புனு வேர்க்குது" என்று பெரியம்மாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பெரியப்பாவின் அடுத்த ஊசித் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு 'இயக்குநீர் அடக்கி' என்று எழுதிவிட்டு வந்தேன். போன வாரம் போனபோது பெரியம்மா அதை அடித்துவிட்டு 'மூணு மாச ஊசி' என்று எழுதியிருந்தார். என் சொல்லில் கெடு இல்லை, அவர் சொல்லில் இருக்கிறது. அடித்தது அடித்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.