எஞ்சினை உள்ளே தள்ளி வைத்தால் ராக்கெட் ஏன் எழும்புவதில்லை?

மாதிரி ராக்கெட் செய்யச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஏவுவதற்கு வரும் ஒவ்வொரு ராக்கெட்டையும் முதலில் தலைகீழாகப் பிடித்துப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். எஞ்சினின் வாய் குழாய் விளிம்போடு சமமாக இருந்தாலோ, 6 மி.மீ. போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ சரி. உள்ளே போயிருந்தால் ஸ்கேலைக் கையில் எடுத்துவிடுவேன்.

ஒரு மாணவியின் ராக்கெட்டுக்குப் பிறகு வந்த பழக்கம் இது. 40 மி.மீ. குழாய், சி6-5 எஞ்சின். பின்பக்கம் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று எஞ்சினை 7 செ.மீ. உள்ளே வைத்து ஒட்டியிருந்தாள். பொத்தானை அழுத்தியதும் பெரும் சீறல், ஏகப்பட்ட புகை. ராக்கெட் முழங்கால் உயரம் ஏறி, அப்படியே ஏவும்போது அதை நேராகப் பிடித்திருக்கும் கம்பியில் சறுக்கி இறங்கியது. அவள் ராக்கெட் பக்கம் ஓடப் பார்த்தாள், தடுத்துவிட்டேன். சி6-5 என்ற பெயரில் உள்ள அந்த '5' என்பது எரிந்து முடிந்தபின் வரும் 5 வினாடித் தாமதம். அதற்கப்புறம்தான் பாராசூட்டை வெளியே தள்ளும் மருந்து வெடிக்கும். ராக்கெட் தரையில் நின்றாலும் அது வெடித்தே தீரும். அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

"எஞ்சின் சரியில்லை சார்" என்றாள். எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. குழாயைத் திருப்பிப் பார்த்தால் உள்சுவர் முழுக்கக் கருகி, அட்டை ஏடு ஏடாக உரிந்திருந்தது.

நடந்தது இதுதான். எஞ்சினின் வாயான நாசிலிலிருந்து வேகமாகப் பாயும் புகை, சுற்றியிருக்கும் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியேறும். திறந்த வெளியில் அந்த இடத்தை வேறு காற்று உடனே நிரப்பிவிடும். ஆழமான குழாய்க்குள் அதற்கு வழியில்லை. எஞ்சினைத் தாங்கும் வளையத்தின் பின்னால் அழுத்தம் குறையும். முன்பக்கம் வளிமண்டல அழுத்தம் அப்படியே இருக்கும். ஆக, ராக்கெட்டையே பின்னுக்கு இழுக்கும் ஒரு விசை பிறக்கிறது. இதைத்தான் க்ருஷ்னிக் விளைவு என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 மி.மீ. எஞ்சின் போக வளையத்தின் பரப்பு சுமார் 10 சதுர செ.மீ. அதன்மேல் வளிமண்டலம் அழுத்தும் விசை ஏறக்குறைய 100 நியூட்டன். அழுத்தம் வெறும் 5 சதவீதம் குறைந்தாலே 5 நியூட்டன் போச்சு. சி6-இன் சராசரி உந்துவிசையே 6 தான். மிஞ்சும் 1 நியூட்டன், 100 கிராம் ராக்கெட்டைத் தாங்கிப் பிடிக்கத்தான் சரியாக இருக்கும்.

பொதுவாக, உள்ளே தள்ளிய ஆழம் குழாயின் விட்டத்தைத் தொட்டாலே ஆபத்து என்பார்கள். நான் பாதி விட்டத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. எடை முன்னால் வந்தால் நேராகப் பறக்கும் என்று எஞ்சினை உள்ளே தள்ளுகிறவர்களும் உண்டு. அதற்கு மூக்குக் கூம்பில் களிமண் வைத்தால் போதும். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால், வளையத்துக்குச் சற்றுப் பின்னால் குழாய்ச் சுவரில் தாராளமான காற்றுத் துளைகள் வெட்டுங்கள். ஊசித் துளை எதற்கும் ஆகாது.

எழும்பவில்லையே என்று பெரிய எஞ்சினை மாட்டுவதுதான் எனக்குப் பயம். அரைகுறையாக ஏறி, கம்பியை விட்டதும் வேகம் போதாமல் சாய்ந்து, ஆட்கள் நிற்கும் பக்கம் திரும்பலாம்.

அந்த மாணவி புதுக் குழாய் வெட்டி, வளையத்தைக் கீழே இறக்கி ஒட்டினாள். அதே சி6-5தான். இந்த முறை கம்பியை விட்டு அது போன வேகத்தில், அண்ணாந்து பார்ப்பதற்குள் புகைக்கோடு மட்டும்தான் மிச்சமிருந்தது.