சமநிலை அன்று, ஒருசீர்த்திடநிலை

திருகோணமலையில் நீரிழிவு பற்றிக் கைக்கு வரும் துண்டுப்பிரசுரங்களிலும் உயர்தர உயிரியல் குறிப்புகள் சிலவற்றிலும், உடல் தன் அகச்சூழலை மாறாது காத்துக்கொள்வதைச் 'சமநிலை' என்று எழுதும் வழக்கம் பெருகிவருகிறது. நம் பாடநூல்கள் ஒருசீர்த்திடநிலை என்று வழங்க, நீளமான சொல் என்பதற்காக அதை விட்டுப் பொருளையே திரிக்கும் சொல்லைக் கைக்கொள்வது முறையன்று.

ஒருசீர்த்திடநிலைக்கு நேரான ஆங்கிலச் சொல்லான ஓமியோசுத்தாசிசு (homeostasis) என்பது அமெரிக்க உடற்றொழிலியலாளர் வால்டர் கனன் 1926இல் ஆக்கிய சொல். கிரேக்கத்தில் முதற்பகுதி 'ஒத்த', பிற்பகுதி 'நிற்றல்'. அகச்சூழல் என்ற கருத்து அவருக்கு முற்பட்ட பிரான்சியர் குளோட் பேர்னாட்டுக்குரியது.

சமநிலைக்கு நேரான ஈக்குவிலிபிரியம் (equilibrium) என்ற சொல் கனன் முன்னும் இருந்தது. அது எளிய பௌதிக, இரசாயன நிலைகளுக்கு வரையறுக்கப்பட்டுவிட்டது என்பதாலேயே அவர் அதை ஒதுக்கினார். ஆக்கியவரே ஒதுக்கியதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் மீளக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இரசாயனச் சமநிலையில் முன்முகத் தாக்கமும் பின்முகத் தாக்கமும் ஒரே வீதத்தில் நடப்பதால் தேறிய மாற்றம் இல்லை. அதைப் பேணச் சக்தி செலவாவதுமில்லை. உடலோ ஓயாது செலவழிக்கிறது. ஆவணி வெயிலில் உப்புவெளியில் கரைவலை இழுப்பவருக்கு, 37 பாகை செல்சியசை அண்டிய உடல் வெப்பநிலை ஏறத் தொடங்கியதும் மூளையின் பரிவகக்கீழ் (hypothalamus) என்ற பகுதி அதை உணர்கிறது; தோலின் குருதிக் கலன்கள் விரிகின்றன, வியர்வை கொட்டுகிறது; நீரிழந்த குருதி செறிவடையவே தாகம் எழுகிறது, சிறுநீரகம் நீரை மீள உறிஞ்சி, கடும் மஞ்சளாகச் சிறிதளவு சிறுநீரையே வெளிவிடுகிறது. சூழலோடு வெப்பச் சமநிலை எய்துவது பிணம்தான்.

'திடநிலை' என்றால் திண்மப் பொருளின் நிலை என்று மயங்காதா எனத் தமிழகத்து நண்பர்கள் கேட்பதுண்டு. அவர்கள் திடப்பொருள் என்பதை நாம் திண்மம் என்பதால் இங்கு அம்மயக்கத்துக்கு இடமில்லை. திடம் வடசொல் என்போர், சமம் எந்த மொழிச் சொல் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். தூய தமிழே வேண்டுமெனில் 'அகநிலை பேணல்' என்று எழுதலாம். பொதுமக்களுக்கான பிரசுரத்துக்கு அதுவே பொருந்தும் என்பது என் துணிபு.

'குருதி வெல்லச் சமநிலை' என்று படித்த மாணவர், குருதி வெல்லத்தைக் குறைக்கும் ஓமோனான இன்சுலினும் அதைக் கூட்டும் ஓமோனான குளுக்ககனும் எப்போதும் சம அளவில் இருக்கவேண்டும் என்று விளங்கிக்கொண்டால் பிழை அவருடையதன்று. உண்ட பின் இன்சுலின் கூடிக் குளுக்ககன் குறைவதாலும், பட்டினியில் அது தலைகீழாவதாலுமே குருதியில் குளுக்கோசின் அளவு எல்லைக்குள் நிற்கிறது.