எட்டு நொடியில் போனவர் ஏமாந்தா போனார்?

பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில். பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை விடுமுறை. கிளம்புமுன் ஒருவர் கைபேசியில் தேடி, ஏதோ ஒரு சுற்றுலாத் தளத்தின் அரண்மனைப் பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியிலேயே 'திங்கள் விடுமுறை' என்று இருக்கிறது. பார்த்தார், மூடினார். எட்டு நொடி.

இந்த வருகை தளத்தின் கணக்கில் எப்படி ஏறும்? தளத்துக்கு யார் வந்தார், என்ன செய்தார் என்று எண்ணும் கருவியான கூகுள் அனலிடிக்ஸ் 4-இன் விதிப்படி, ஒரு வருகை 10 நொடிக்கு மேல் நீடிக்க வேண்டும். அல்லது இரண்டு பக்கமாவது பார்க்க வேண்டும். அல்லது 'முக்கிய நிகழ்வு' என்று நாம் குறித்து வைத்த ஒன்று நடக்க வேண்டும். மூன்றில் ஒன்றும் இல்லையென்றால் அது ஈடுபாடில்லாத வருகை; அத்தகைய வருகைகளின் விகிதமான பவுன்ஸ் ரேட்டில் சேர்ந்துவிடும். வந்த வேலை முடிந்து நிம்மதியாகப் போனவரைத் தோல்விக் கணக்கில் எழுதிவிடுகிறது கருவி. அதே விவரத்தை எட்டாவது பத்தியில் ஒளித்து வையுங்கள். அவர் ஒன்றரை நிமிடம் துழாவுவார், எண்ணும் அழகாகிவிடும்!

அதனால் தளத்தின் வடிவமைப்பில் கைவைக்குமுன் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிட வேண்டும். பக்கத்தோடு சேர்ந்து ஒரு சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலும் இறங்குகிறது. அது உலாவியில் குக்கி என்ற சிறு குறிப்பைப் போட்டு, அதில் ஓர் அடையாள எண்ணை எழுதி வைக்கிறது. பிறகு நடப்பதையெல்லாம் துண்டுச் செய்திகளாக சர்வருக்கு அனுப்புகிறது: பக்கம் திறந்தது, 90 விழுக்காடு ஆழம்வரை உருட்டினார், வெளி இணைப்பைத் தொட்டார். 30 நிமிடம் அசைவில்லை என்றால் வருகை முடிந்தது.

2023 ஜூலை 1-இல் கணக்கெடுப்பை நிறுத்திய அனலிடிக்ஸின் பழைய பதிப்பு, அடுத்த பக்கம் திறந்த நேரத்திலிருந்து இந்தப் பக்கம் திறந்த நேரத்தைக் கழித்துப் பார்த்தது. அடுத்த பக்கமே திறக்காவிட்டால் கழிக்க எதுவும் இல்லை. இருபது நிமிடம் ஊன்றிப் படித்தவருக்கும் பூஜ்யம்தான். புதியது, பக்கம் திரையில் முன்னால் இருக்கும் நேரத்தை எண்ணுகிறது. நடுவில் வாட்ஸ்அப்புக்குத் தாவினால் கடிகாரம் நின்றுவிடும். திரையை அணைக்காமல் தேங்காய் துருவப் போனால் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னும் சில ஓட்டைகள் உண்டு. கைபேசியிலும் அலுவலகக் கணினியிலும் பார்க்கும் ஒருவர், இரண்டு ஆளாக எண்ணப்படலாம். வாட்ஸ்அப் குழுவில் போட்ட இணைப்பு வழியாக வருபவர்கள் பெரும்பாலும் 'நேரடி வருகை' என்று பதிவாவார்கள். இணைப்பின் வாலில், எங்கிருந்து வந்தது என்று சொல்லும் யூடிஎம் குறி சேர்த்து அனுப்பினால்தான் எந்தக் குழு ஆள் கூட்டி வருகிறது என்று தெரியும். ஊர்ப் பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். இணையத்தில் கருவிக்குக் கிடைக்கும் எண்ணான ஐபி முகவரியை வைத்துச் சொல்லும் ஊகம் அது. குழித்துறையில் இருக்கும் கைபேசி சென்னை என்று காட்டலாம். தளத்தை நடத்துபவரின் சொந்த வருகைகளை நீக்க உள்வருகை வடிகட்டி இருக்கிறது. அது முதலில் 'சோதனை' நிலையில்தான் இருக்கும். 'செயலில்' என்று மாற்ற மறந்தால் ஒன்றையும் வடிகட்டாது.

இனி அரண்மனைப் பக்கத்துக்கு வருவோம். திங்கள் விடுமுறை என்று படித்தவருக்கு அடுத்து எழும் கேள்வி, 'அப்போ இன்றைக்கு எங்கே போவது?' என்பதுதான். அந்த வரிக்கு நேர் கீழே மாத்தூர் தொட்டிப் பாலத்துக்கு ஓர் இணைப்பு வைக்கலாம். பக்கத்தின் அடியில் 'தொடர்புடையவை' என்று ஆறு படங்களை அடுக்குவதைவிட இது நிச்சயம் மேல்; அடிவரை வருபவர்கள் சிலர்தான். இந்த இணைப்பைத் தொடுவதையும் வரைபட வழிகாட்டலைத் தொடுவதையும் முக்கிய நிகழ்வாகக் குறித்துவிட்டால், எட்டு நொடியில் அதைத் தொட்டுவிட்டுப் போகிறவரும் சரியான கணக்கில் வந்துவிடுவார்.

பக்கம் திறப்பதற்குள்ளேயே ஆள் போய்விடுவது வேறு சங்கதி. பெரும்பாலும் குற்றவாளி, மேலே இருக்கும் படம். கைபேசியில் எடுத்த 4,000 பிக்சல் அகலப் படம் 4 எம்பி இருக்கும். பேச்சிப்பாறை வட்டாரத்தில் நொடிக்கு 4 மெகாபிட் வேகம் கிடைக்கிறது என்றால், (ஒரு பைட் 8 பிட் என்பதால்) அந்த 32 மெகாபிட் இறங்க 8 நொடி. பார்க்கிற திரையின் அகலமோ 1,080 பிக்சல்தான். படத்தை அந்த அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற சிக்கனமான பட வடிவத்தில் 150 கேபிக்குக் கொண்டுவந்தால் அரை நொடிகூட ஆகாது. நாலில் மூன்று வருகைகளிலாவது முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். இதில் பலர் செய்யும் தவறு, எல்லாப் படங்களுக்கும் 'தாமத ஏற்றம்' (உருட்டி அருகே வந்தபின்பே படத்தை இறக்குவது) போட்டுவிடுவது. கீழே உள்ள படங்களுக்கு அது நல்லது. முதல் படத்துக்குப் போட்டால் அது இன்னும் தாமதமாகும். படத்தின் அகல, உயர எண்களையும் நிரலில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது எழுத்தெல்லாம் கீழே துள்ளும். ஒன்றைத் தொடப் போன விரல் விளம்பரத்தில் படும்.

தமிழ் எழுத்துக்கென்று தனிப் பாடு உண்டு. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் 'கு' என்ற ஓர் எழுத்து 6 பைட் பிடிக்கும். ஆனால் நீண்ட கட்டுரையும் சில பத்து கேபிதான், சுருக்கி அனுப்பும்போது அதுவும் குறையும். அங்கே மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை. தனி எழுத்துருக் கோப்புதான் கனம். அது வந்து சேர்ந்ததும் வரிகள் மாறி விழும். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருப்பதால் கட்டுரைக்கு அதுவே போதும். ஆங்கில வார்ப்புருவின் வரி இடைவெளியை அப்படியே விட்டால் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் இடித்துக்கொள்ளும். எழுத்தளவில் 1.7 மடங்கு வைத்தால் மூச்சு விடும். இருபுறமும் நேராக்குவது வேண்டவே வேண்டாம்: 'பேருந்துநிலையத்திலிருந்து' போன்ற சொல் அடுத்த வரிக்குப் போனால் முந்தைய வரி பல் விழுந்த வாய்போல ஆகிவிடும்.

மாற்றியபின் எண் ஏறினால் மாற்றம்தான் காரணமா? ஐப்பசியில் வடிவமைப்பை மாற்றுகிறீர்கள். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் குமரிக்கு வரத் தொடங்குகிறார்கள். ஏறுவது யாரால்? ஒரே நாள்களில் பாதிப் பேருக்குப் பழையதையும் பாதிப் பேருக்குப் புதியதையும் காட்டி ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். அதற்கும் கூட்டம் வேண்டும். நூற்றுக்கு 20 பேர் தொட்ட இணைப்பை 30 பேர் தொடுகிறார்களா என்று நம்பகமாகச் சொல்ல, பழையதற்கும் புதியதற்கும் தலா சுமார் 300 பேர் போதும். நூற்றுக்கு 5 என்பது 6 ஆனதா என்று சொல்ல, தலா சுமார் 8,000 பேர் வேண்டும். தினமும் எட்டிப் பார்த்து, புதியது முந்தும் நாளில் சோதனையை நிறுத்துவது பகடை விழும்வரை உருட்டுவது போல.

மாதம் 500 பேர் வரும் தளத்துக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. அங்கே தளத்தைப் பார்த்திராத நாலைந்து பேரிடம் கைபேசியைக் கொடுத்து, 'நாளைக்கு அரண்மனை திறந்திருக்குமா, பாருங்க' என்று கேட்டுவிட்டு, கட்டைவிரல் எங்கே தயங்குகிறது என்று கவனிப்பதே வழி. இடையில் 'மேலே பாருங்க, மேலே' என்று சொல்லிவிடாமல் இருக்க வேண்டும். சொல்லிவிட்டால், அடுத்த ஆளைத் தேட வேண்டியதுதான்.