விடியற்காலையில் மடங்காத விரல்கள்

இலங்கையின் நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் அதிகாலையில் விரல்கள் விறைத்துக்கொண்டால் பழி குளிரின் மேலேயே விழுகிறது. வெறுந்தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பொத்திச் சூடேற்றிக்கொண்டு பிரட்டுக்கு (காலையில் ஆள்கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் பெண்ணுக்கு, ஒரு மணி நேரம் கடந்தும் கொழுந்து கிள்ளுமளவுக்கு விரல் மடங்காமல், இரு கைகளிலும் விரல்களின் அடிமூட்டும் நடுமூட்டும் வீங்கியுமிருந்தால், அது பெரும்பாலும் குளிரின் வேலையன்று, உடலின் நோயெதிர்ப்பே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமாக இருக்கலாம். உழைத்துத் தேய்ந்த மூட்டு வேறு: அதில் வேலை செய்யச் செய்ய நோவு கூடும்.

உடற்புரதங்கள் சிலவற்றிலுள்ள ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் சிட்ருலினாக மாறும்போது, சிலருடைய நோயெதிர்ப்புக் கலங்கள் அப்புரதத்தை அந்நியப் பொருளாகக் கொண்டுவிடுகின்றன. பரம்பரையும் புகைப்பழக்கமும் இதற்கு இடங்கொடுக்கின்றன. நோயெதிர்ப்புக் கலங்களில் ஒரு வகையான டீ கலங்களின் தூண்டுதலால், மற்றொரு வகையான பீ கலங்கள் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் (அந்நியமெனக் கொண்டதைத் தாக்கும் புரதங்கள்), நோவு தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே குருதியில் காணப்படுவதுண்டு. (இந்த 'டீ' தேயிலையைக் குறிப்பதன்று, அக்கலங்கள் முதிர்கின்ற தைமஸ் சுரப்பியின் முதலெழுத்து.)

சேதத்தில் பெரும்பங்கு பெருவிழுங்கிக் கலங்களுடையது என்பேன். கிருமிகளை விழுங்கித் துப்புரவு செய்யவேண்டிய இவை, மூட்டின் உட்சவ்வில் தங்கி, டீஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 ஆகிய, அழற்சியைத் தூண்டும் புரதங்களை ஓயாமல் சுரக்கின்றன. அந்த அழைப்புக்கு மேலும் மேலும் கலங்கள் வந்து சேர, இயல்பில் ஓரிரு கல அடுக்கேயான சவ்வுப்படலம் தடித்து, கசியிழையத்தின் (குருத்தெலும்பின்) மேல் படர்ந்து அதை அரிக்கிறது. பெருவிழுங்கிகளின் வழியில் வந்த வேறொரு வகைக் கலங்கள் எலும்பின் ஓரத்தைக் கரைக்கின்றன. எக்ஸ்ரே படத்தில் அவ்விளிம்பு எலி கடித்த ரொட்டி போலத் தெரியும்.

இந்நோயாளரில் இன்டர்லூக்கின்-6 இரவின் பிற்பகுதியில் ஏறி விடியலை ஒட்டி உச்சமடைகிறது. அழற்சியைத் தணிக்கும் கோட்டிசோல் என்னும் ஓமோன் விடியலில் உயர்ந்தாலும் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. பிரட்டு நேரத்தில் விறைத்திருந்த விரல் வெயிலேற இளகுவது இதனாலேயே. வெயிலுக்கு நன்றி சொல்கிறோம்.

1990களின் தொடக்கத்தில் லண்டனில் ஆய்வாளர்கள் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் டீஎன்எஃபைத் தடுத்துப் பார்த்தபோது, நோயாளரின் வீக்கமும் நோவும் தணிந்தன. ஆனால் உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியை அடைத்து வைத்திருப்பதிலும் டீஎன்எஃபுக்குப் பங்குண்டு. ஆகவே டீஎன்எஃபைத் தடுக்கும் ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை அவசியம். பெரும்பாலானோருக்கு முதலில் கொடுக்கப்படுவது மெத்தோட்ரெக்சேட் குளிசை. அது வாரத்தில் ஒரு நாளுக்கு மட்டும் உரியது. தவறுதலாக நாள்தோறும் விழுங்கினால் எலும்பு மச்சையைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், எந்தக் கிழமை என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.