படிக்கட்டுக் கதவைத் திறந்து போடாதீர்கள்

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், பீச்ட்ரீ தெருவில் 1913-ல் திறக்கப்பட்ட 15 மாடி ஹோட்டல் வைன்காஃப். 'அறவே தீப்பிடிக்காத கட்டடம்' என்று விளம்பரம் செய்தார்கள். கட்டடத்தைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. 1946 டிசம்பர் 7 விடிகாலைத் தீக்குப் பிறகும் அது அப்படியே நின்றது. உள்ளே இருந்தவர்களில் 119 பேர் செத்துப்போனார்கள். ஹோட்டலைக் கட்டிய வில்லியம் வைன்காஃபும் அவர் மனைவியும் அதில் அடக்கம். இளைஞர் மாநாட்டுக்கு வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் 30 பேர்.

தீத்தடுப்புப் பயிற்சி வகுப்புகளில் நான் இந்த ஹோட்டலைத்தான் முதலில் சொல்வேன். 15 மாடிக்கும் ஒரே படிக்கட்டு. எந்த மாடியிலும் அதை அடைக்கக் கதவு கிடையாது. தீ மூன்றாம் மாடி நடைவழியில் பிடித்தது. சுவரில் ஒட்டியிருந்த சாக்குத்துணியில் பரவி, அந்தப் படிக்கட்டைப் புகைபோக்கியாக்கி மேலே ஏறியது. அறைக் கதவுகளுக்கு மேல் காற்றுக்காக வைத்த சின்ன ஜன்னல்கள் வழியே புகை உள்ளே புகுந்தது. தீப்பிடித்தால் தானாகவே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் இல்லை, அலாரம் இல்லை. தீயணைப்பு ஏணிகள் மேல்மாடிகளை எட்டவில்லை. படுக்கை விரிப்புகளை முடிந்து இறங்கப் பார்த்தவர்களும் குதித்தவர்களும் பலர்.

அதே ஆண்டு ஜூனில் சிகாகோவின் லாசால் ஹோட்டல் தீயில் 61 பேர் இறந்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்துதான் அரசை உலுக்கின. 1947-ல் அதிபர் ட்ரூமன் தீத்தடுப்பு மாநாடு கூட்டினார். படிக்கட்டை அடைத்துக் கட்டும் விதிகள் இறுகின. வைன்காஃப் கட்டடம் பல கை மாறி, 2007 முதல் எல்லிஸ் ஹோட்டலாக நடக்கிறது.

இன்று நான் ஆய்வுக்குப் போகும் ஹோட்டல்களில் கதவு இருக்கிறது. ஆனால் துணி வண்டி போய்வர வசதியாக, அடியில் மரக்கட்டை செருகித் திறந்தே வைத்திருப்பார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். இத்தனை உயிர் போன பிறகு வந்த கதவு அது!

ஹோட்டலில் தங்கப் போனால், பெட்டியை வைத்ததும் வெளியே வந்து இரண்டு படிக்கட்டுகள் எங்கே என்று பாருங்கள். உங்கள் அறையிலிருந்து எத்தனையாவது கதவு என்று எண்ணிக்கொள்ளுங்கள்; புகையில் கண் தெரியாது, கையால் தடவித்தான் போக வேண்டியிருக்கும். படிக்கட்டுக் கதவுக்கு அடியில் கட்டை இருந்தால் எடுத்துவிட்டு, வரவேற்பறைக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள்.